பழைய கணிப்பொறிக்கு ஏற்ற பிராசஸரைத் தேர்ந்தெடுத்தல்

மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளிலுள்ள பள்ளிகளிலும், மாலைநேரப் பயிற்சி நிலையங்களிலும், படிப்பகங்களிலும் காணப்படும் மேசைக் கணிப்பொறிகளில் பல, பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடையவை. அலுவலகங்கள் கழித்துவிட்டவை சில. நன்கொடையாக வந்தவை சில. கடையில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டப்பெற்றவை சில. இவை இன்னும் இயங்குகின்றன. ஆயினும் மெதுவாக இயங்குகின்றன. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவடைந்தபின், இவற்றை வைத்துக்கொள்வதா, கழித்துவிடுவதா என்ற கேள்வி ஆசிரியர்களையும் களப்பணியாளர்களையும் நெருக்கி வருகின்றது. 'பிராசஸரை மாற்றினால் போதும், புதியதுபோல் ஓடும்' என்று யாரேனும் ஒருவர் யோசனை சொல்வதும் இயல்பு.

அந்த யோசனை சில சமயம் சரி. பல சமயம் தவறு. தவறாக வாங்கிய பழைய பிராசஸரைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொள்வதில்லை. பெற்றோர் தந்த சிறு தொகையில் நடைபெறும் ஒரு பயிற்சி வகுப்புக்கு அந்த இழப்பு சிறிதன்று. ஆகவே, வாங்குவதற்கு முன் பொருத்தம் பார்க்கும் முறையை அறிந்துகொள்வது அவசியமாகும்.

பிராசஸர் என்பது யாது?

இந்தியாவிலேயே உருவாக்கப்பெற்ற முதல் முழு அளவுக் கணிப்பொறிகளுள் ஒன்று மும்பையில்தான் பிறந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் அமைக்கப்பெற்ற அந்த யந்திரம் 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962இல் அதற்கு 'டிஃப்ராக்' என்று பிரதமர் நேரு பெயர் சூட்டினார். அதில் ஏறத்தாழ 2,700 வால்வுகள் இருந்தன. ஒரு வால்வு பழுதுற்றால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி வேறொன்றைச் செருகலாம். கணக்கிடும் பகுதி என்பது அறை நிறைந்த பல அடுக்குகளாகப் பரந்து கிடந்தது.

இன்று அந்தப் பகுதி முழுவதும் ஒரே சில்லில் அடங்கிவிட்டது. 2012இல் வெளிவந்த 'ஐவி பிரிட்ஜ்' என்னும் தலைமுறையைச் சேர்ந்த நான்கு கோர் பிராசஸரில் ஏறத்தாழ 140 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை அமைந்துள்ள சிலிக்கன் துண்டின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர மில்லிமீட்டர், அதாவது ஓர் அஞ்சல் தலையைவிடச் சிறியது. இதில் ஒரு டிரான்சிஸ்டரை மட்டும் மாற்ற இயலாது. மாற்றினால் முழுச் சில்லையும் மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றும் சில்லு, அதைச் சூழ்ந்துள்ள மதர்போர்டோடு எல்லா வகையிலும் ஒத்துப்போக வேண்டும். நமது சிக்கல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது.

முதலில் நோயைக் காண்க

கணிப்பொறி மெதுவாக இயங்குவதற்குப் பிராசஸரே காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்துவிடலாகாது. வழக்கமான பணிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பக்கத்தைப் பார்க்கவேண்டும். அங்கே பிராசஸர், ரேம், வட்டு ஆகிய மூன்றும் எவ்வளவு சதவீதம் உழைக்கின்றன என்பது தெரியும். வட்டு இடைவிடாமல் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, பிராசஸர் 20 அல்லது 30 சதவீதத்தில் சும்மா இருக்குமானால், பிராசஸரை மாற்றுவதால் யாதொரு பயனும் இல்லை. சுழலும் வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவதே அங்கே மருந்து. ரேம் 4 ஜி.பி. மட்டும் இருந்து, அது 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால், அதனை 8 ஜி.பி. ஆக்குவது அடுத்த மருந்து. இணைய உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே ரேம் நிரம்பிவிடும் காலம் இது.

இன்னொன்றும் உண்டு. பிராசஸரின் மேலுள்ள ஹீட் சிங்கின் இடுக்குகளில் தூசி அடைத்துக்கொண்டால் உஷ்ணம் வெளியேறாது. உஷ்ணம் ஏறத்தாழ 100 பாகையை நெருங்கும்போது, பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தாராவியின் சந்துகளிலும், செம்பூரின் நெடுஞ்சாலையோரத்திலும் சன்னலைத் திறந்துவைத்து நடக்கும் வகுப்பறைகளில் ஓராண்டில் எவ்வளவு தூசி சேரும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தூசியைத் தூரிகையால் அகற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக இட்டபின், 'யந்திரம் பழுதன்று, அழுக்கே பழுது' என்று தெரியவந்த இடங்கள் பல. இதற்காகும் செலவு மிகச் சொற்பம். ஆதலால் இதையே முதலிற் செய்க.

இவ்வளவும் செய்தபின்னரும், பணி நடக்கும்போது பிராசஸர் 90, 100 சதவீதத்திலேயே நின்றால், அப்போதுதான் மாற்றுவதைப் பற்றி எண்ணவேண்டும்.

சாக்கெட் ஒத்தால் போதுமா?

பிராசஸர் அமரும் இருக்கைக்குச் சாக்கெட் என்று பெயர். இன்டெல் நிறுவனத்தின் சாக்கெட்டுகளுக்கு, அவற்றிலுள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கையே பெயராக அமைந்துள்ளது. 2004இல் வந்தது 775, 2009இல் 1156, 2011இல் 1155, 2013இல் 1150, 2015இல் 1151. எண் மாறினால் பிராசஸர் அமராது. 1156க்கும் 1155க்கும் ஒரே ஒரு முனைதான் வேற்றுமை எனினும், ஓரங்களில் வெட்டப்பெற்றுள்ள பள்ளங்கள் இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

இதுவரையில் குழப்பம் இல்லை. குழப்பம், எண் ஒத்திருக்கும்போதுதான் தொடங்குகிறது. 1151 என்னும் சாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 2015இல் அது ஆறாம் தலைமுறைக்காக வந்தது. ஏழாம் தலைமுறையும் அதிலேயே இயங்கிற்று. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோதும் முனைகளின் எண்ணிக்கை 1151தான். ஆனால் மின்சாரம் செல்லும் முனைகளின் ஒதுக்கீடு மாற்றப்பட்டது. 300 வரிசைச் சிப்செட் உடைய புதிய மதர்போர்டும் வேண்டப்பட்டது. ஆகவே, எச் 110 சிப்செட் உடைய ஒரு மதர்போர்டில் எட்டாம் தலைமுறைப் பிராசஸரைப் பூட்டினால், அது அழகாக அமர்ந்துகொள்ளும், ஆனால் இயங்காது. திரையில் ஒன்றும் தோன்றாது. 'சாக்கெட் ஒன்றுதானே' என்று நம்பி வாங்கியவர் இங்கேதான் ஏமாறுவார்.

மதர்போர்டில் பிராசஸருக்கும் மற்ற உறுப்புகளுக்கும் இடையே நின்று பணிபுரியும் துணைச் சில்லே சிப்செட் எனப்படும். இருக்கை எது என்று கேட்பதோடு நில்லாமல், சிப்செட் எது என்றும் கேட்கவேண்டும்.

இரண்டு யந்திரங்கள், இரண்டு விடைகள்

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பழைய யந்திரங்களிடையே அடிக்கடி எதிர்ப்படும் 1155 சாக்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதில் 2011இல் வந்த 'சாண்டி பிரிட்ஜ்' என்னும் இரண்டாம் தலைமுறையும், 2012இல் வந்த 'ஐவி பிரிட்ஜ்' என்னும் மூன்றாம் தலைமுறையும் அமரும். மாடல் எண்ணைக் கண்டே தலைமுறையை அறியலாம்: ஐ3-2120 என்பதில் முதல் இலக்கம் 2, ஆகவே இரண்டாம் தலைமுறை, ஐ5-3470 என்பது மூன்றாம் தலைமுறை.

ஒரு படிப்பகத்தில் இரண்டு கணிப்பொறிகள் உள்ளன எனக் கொள்வோம். இரண்டிலும் ஐ3-2120 பிராசஸரே உள்ளது. முதலாவது, கடையில் அசெம்பிள் செய்தது. அதன் மதர்போர்டில் எச் 61 சிப்செட். இரண்டாவது, ஓர் அலுவலகத்திலிருந்து வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 790. அதில் கியூ 65 சிப்செட். இரண்டுக்கும் ஐ5-3470 வாங்கலாமா?

முதல் யந்திரத்துக்கு வாங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எச் 61 மதர்போர்டு இரண்டாம் தலைமுறைக்காகச் செய்யப்பெற்றது. அதன்பின் ஓராண்டு கழித்து வந்த பிராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. அடையாளம் காட்டிக்கொடுப்பது பயாஸ் என்னும் உள்ளமை நிரல். மதர்போர்டு செய்த நிறுவனம் பயாஸின் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தால், அதனை ஏற்றியபின் ஐ5-3470 இயங்கும். வெளியிடாவிட்டால் இயங்காது. இதனை அறிய ஊகம் வேண்டியதில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு மதர்போர்டுக்கும் 'சி.பி.யு. சப்போர்ட் லிஸ்ட்' என்ற ஓர் அட்டவணை இருக்கும். அதில் ஒவ்வொரு பிராசஸரின் பெயருக்கும் எதிரே, அது எந்தப் பயாஸ் பதிப்பு முதல் இயங்கும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். பட்டியலில் பெயர் இல்லையெனில், கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினும் வாங்கலாகாது.

இரண்டாம் யந்திரத்துக்கு விடை வேறு. பி 65, கியூ 65, கியூ 67 ஆகிய மூன்று அலுவலகச் சிப்செட்டுகளுக்கும் ஐவி பிரிட்ஜ் ஆதரவு அளிக்கப்படவில்லை. சாக்கெட் ஒன்றே, காலம் ஒன்றே. ஆயினும் வாசல் அடைக்கப்பட்டுள்ளது. இந்த ஆப்டிபிளெக்ஸில் இரண்டாம் தலைமுறைக்குள்ளேயே மேலே செல்லவேண்டும்: நான்கு கோர் உடைய ஐ5-2400, அல்லது எட்டு திரெட் உடைய ஐ7-2600. விலையுயர்ந்த அலுவலக யந்திரம் ஆயிற்றே, அது எதையும் ஏற்கும் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் சாதாரண எச் 61 மதர்போர்டே இங்கு அதிகம் ஏற்கிறது.

மதர்போர்டின் பெயரை அறியக் கேபினெட்டைத் திறக்கவேண்டியதில்லை. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்னும் பக்கத்தைத் திறந்தால், பேஸ்போர்டு என்ற வரியில் மதர்போர்டின் பெயரும், பயாஸ் என்ற வரியில் பதிப்பும் தேதியும் இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மாஹிம் அல்லது மாதுங்கா ரோடு நிலையத்தில் வண்டியேறி கிராண்ட் ரோடில் இறங்கி, லேமிங்டன் ரோடு கடைகளுக்குச் செல்வதே முறை. தாளின்றிச் செல்பவர், கடையில் இருப்பதை வாங்கி வருவார். தமக்கு வேண்டியதை அன்று.

வேகம் என்னும் மாயை

மேற்கண்ட உதாரணத்தில் மாணவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். ஐ3-2120இன் வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், ஐ5-3470இன் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். குறைந்த எண் உடையதற்கு ஏன் பணம் தரவேண்டும்?

கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை துடிப்புகள் என்பதை மட்டும் கூறும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதையோ, வேலை செய்பவர் எத்தனை பேர் என்பதையோ அது கூறாது. ஐ3-2120இல் கோர்கள் இரண்டு, ஐ5-3470இல் நான்கு. சில்லின் உள்ளேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம் முன்னதில் 3 எம்.பி., பின்னதில் 6 எம்.பி. தேவைப்படும்போது பின்னது 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளவும் செய்யும். தாராவியின் கும்பார்வாடாவில் சக்கரம் சுழலும் வேகத்தைக்கொண்டு மட்டும் பானைகளின் கணக்கைச் சொல்ல முடியுமா? குயவர் எத்தனை பேர், மண் பிசைந்து அருகில் இருக்கிறதா என்பவற்றையும் பார்க்கவேண்டும் அல்லவா? வகுப்பில் இந்த உவமையைக் கூறினால் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

எனினும், பயனை மிகைப்படுத்தவும் கூடாது. தட்டச்சும் கடிதமும் மட்டும் நடக்கும் யந்திரத்தில் நான்கு கோர்களுள் மூன்று உறங்கிக்கொண்டிருக்கும். வீடியோ தொகுப்பு, பல பக்கங்களைத் திறந்து நடத்தும் இணைய வகுப்பு, நிரல் எழுதும் பயிற்சி ஆகியவற்றிலேயே வேற்றுமை புலப்படும்.

உஷ்ணமும் மின்சாரமும் திரையும்

ஒவ்வொரு பிராசஸருக்கும் டி.டி.பி. என்னும் ஓர் அளவு உண்டு. அது வெளியேற்ற வேண்டிய உஷ்ணத்தின் அளவை வாட்டில் கூறுகிறது. ஐ3-2120க்கு 65 வாட். ஐ5-3470க்கு 77 வாட். ஐ5-2400, ஐ7-2600 ஆகியவற்றுக்கு 95 வாட். 65 வாட்டுக்கென வந்த மெல்லிய ஹீட் சிங்கை 95 வாட் பிராசஸரின்மேல் வைத்தால், மே மாதப் புழுக்கத்தில் அது திணறும். மதர்போர்டு 95 வாட்டை ஏற்கும் என்று அட்டவணை கூறுகிறதா என்பதையும், எஸ்.எம்.பி.எஸ். நல்ல நிலையில் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்க. 1155, 1150, 1151 ஆகியவற்றுக்கு ஹீட் சிங்க் பொருத்தும் துளைகள் ஒரே இடைவெளியில் உள்ளன. 775க்கு உரியது அவற்றில் பொருந்தாது.

பலர் மறந்துவிடுவது திரை. தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத யந்திரத்தில், படத்தைத் திரைக்கு அனுப்புவது பிராசஸரின் உள்ளேயே இருக்கும் பகுதி. சில பிராசஸர்களில் அப்பகுதி இல்லை. ஐ5-3350பி, சியான் இ3-1230 வி2 ஆகியவை அத்தகையன. பிற்காலத்து இன்டெல் பிராசஸர்களில் பெயரின் இறுதியில் 'எஃப்' என்று இருப்பவையும் அத்தகையனவே. மலிவாகக் கிடைக்கின்றனவே என்று இவற்றை வாங்கினால், யந்திரம் ஓடும், திரை இருண்டிருக்கும்.

ஏ.எம்.டி. யந்திரங்கள்

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட் இவ்வகையில் தாராளமானது. 2017இல் முதல் ரைசன் பிராசஸர்களோடு பரவலாக விற்பனைக்கு வந்த அதே இருக்கையில், ரைசன் 5000 வரிசையும் அமரும். ஏ 320 போன்ற தொடக்ககால மதர்போர்டுகளுக்கும் அவ்வரிசையை ஏற்கும் பயாஸ் 2022 முதல் வெளிவரலாயிற்று. இங்கும் அட்டவணையைப் பார்த்தே வாங்கவேண்டும். மதர்போர்டுக்கு மதர்போர்டு வேற்றுமை உண்டு. திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, 5600ஜி என்பதுபோல இறுதியில் 'ஜி' உடையவற்றில்தான் உள்ளது. வெறும் 5600இல் இல்லை.

விண்டோஸ் 11 பற்றிய கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. இன்டெல் பிராசஸராயின் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேற்பட்டவையுமே விண்டோஸ் 11க்கு முறைப்படி ஏற்கப்பட்டுள்ளன, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். 1155, 1150, பழைய 1151 ஆகிய இருக்கைகளில் எட்டாம் தலைமுறை இயங்காது. ஆகவே அந்த யந்திரங்களில் எந்தப் பிராசஸரைப் பூட்டினாலும் அவை முறையான விண்டோஸ் 11க்குத் தகுதி பெறமாட்டா. ஆறாம் தலைமுறையை ஏழாக்குவதற்குச் செலவிடுவது இந்த நோக்கத்துக்குச் சிறிதும் உதவாது. ஏ.எம்.4 யந்திரமோ, பிராசஸர் ஒன்றை மாற்றி, பயாஸில் டி.பி.எம். வசதியை இயக்கியவுடன், தகுதி பெறக்கூடும். தகுதி பெறாத யந்திரங்களைக் குப்பை என்று கருதவேண்டியதில்லை. லினக்ஸ் அவற்றில் நன்றாகவே இயங்கும். கேரளத்துப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸைக் கொண்டே கணிப்பொறிப் பாடம் நடத்தி வருகின்றன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு வசதி உண்டு. எமது கருத்தில், 1155 யந்திரம் வைத்திருக்கும் பள்ளி ஒன்று, பிராசஸருக்கு ஒதுக்கிய தொகையை எஸ்.எஸ்.டி.க்கும் ரேமுக்கும் செலவிட்டு, லினக்ஸை ஏற்றுவதே சிறந்தது. மிகுந்தால் பிராசஸர்.

மாற்றும் முறை

பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்கவேண்டும். புதியதைப் பூட்டியபின் செய்யலாம் என்றால், அதை அடையாளம் தெரியாத யந்திரம் எழுந்தே வராது. புதுப்பிக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் தடைப்பட்டால் மதர்போர்டே பயனற்றுப் போகக்கூடும், ஆகவே யு.பி.எஸ். இணைத்துக்கொள்வது கட்டாயம்.

பின்னர் மின்கம்பியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்க. ஹீட் சிங்கை நேராக இழுக்கலாகாது. முக்கியமாக ஏ.எம்.4இல், காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசஸரும் கூடவே வந்துவிடும்; அதன் ஊசிகள் வளைந்துவிடும். கழற்றுவதற்கு முன் யந்திரத்தைச் சிறிது நேரம் இயக்கிச் சூடாக்கி நிறுத்தி, ஹீட் சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகியபின் தூக்குக. இன்டெலில் ஊசிகள் சாக்கெட்டில் உள்ளன; அவற்றின்மேல் விரலோ துணியோ படலாகாது. பிராசஸரின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு ஒப்பிட்டு, அழுத்தாமல் மேலே வைத்தால் தானே அமரும். அமரவில்லையெனில் திசை தவறு என்று பொருள், பலம் பயன்படுத்தவேண்டா. தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். இன்டெல் ஹீட் சிங்கின் நான்கு முளைகளையும் குறுக்கெதிராக ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துக. விசிறியின் கம்பியை இணைக்க மறக்கலாகாது.

முதல்முறை இயக்கியவுடன் பயாஸ் பக்கத்துக்குச் சென்று, புதிய பிராசஸரின் பெயர் சரியாகத் தெரிகிறதா, உஷ்ணம் எவ்வளவு என்பவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்க. நேரமும் தேதியும் தவறியிருந்தால், மதர்போர்டிலுள்ள சி.ஆர். 2032 என்னும் காசு வடிவ மின்கலத்தையும் மாற்றிவிடலாம். பத்தாண்டு யந்திரத்தில் அது தீர்ந்திருப்பதே இயல்பு. பிறகு ஒரு மணி நேரம் வழக்கமான பணிகளில் ஈடுபடுத்தி, உஷ்ணத்தை மீண்டும் பார்க்கவேண்டும்.

கழற்றிய பழைய பிராசஸரை எறிந்துவிடாமல், ஒரு பெட்டியில் இட்டு, எந்த யந்திரத்திலிருந்து எடுத்தது, எந்த நாளில் எடுத்தது என்று சீட்டு எழுதி வைக்கவும். புதியது பழுதுற்றாலும், பயாஸில் கோளாறு நேர்ந்தாலும், யந்திரத்தை மீண்டும் எழுப்பிப் பார்க்க அதுவே வேண்டியிருக்கும்.